கிளாரியின் தலையில் இருந்தது என்ன

யாராபின் என்ற எங்கள் ஊரில் சைக்கிளிலிருந்து விழுந்தவனுக்கு நகராட்சி ஒரு மஞ்சள் படிவம் கொடுக்கும். அதில் பதினான்கு கேள்விகள். ஹெல்மெட் போட்டிருந்தாயா, என்ன நிறம், எந்த வருடம் வாங்கியது, தாடைக்கும் பட்டைக்கும் நடுவில் எத்தனை விரல் நுழையும் என்று பதின்மூன்று கேள்விகள் தலைக்கு. பதினான்காவது கேள்வி 'பிற'. அதற்கு அரை அங்குலம் இடம். கால் ஒடிந்தவனும், பல் போனவனும், லாரிக்காரன் தட்டிவிட்டுப் போனவனும் அந்த அரை அங்குலத்துக்குள்தான் தன் கதையைச் சொல்லி முடித்துக்கொள்ள வேண்டும்.

நான் ஹெல்மெட்டுக்கு எதிரி இல்லை. இருபத்தாறு வருடம் நகராட்சி ரோட்டு வேலையில் தார் கொட்டியவன். தாரில் மண்டை மோதும் சத்தம் எனக்குத் தெரியும். ஒருமுறை கேட்டால் போதும், மறக்காது. ஹெல்மெட் போட்டால் விழும்போது மண்டை தப்பும். விழாமல் இருக்க ரோடு நன்றாக இருக்க வேண்டும். இந்த இரண்டாவது பேச்சைத்தான் எங்கள் நகராட்சியில் யாரும் எடுக்கக் கூடாது.

எடுத்தால் சைக்கிள் பாதுகாப்புக் குழுவுக்கு வருத்தம் வரும். அதன் தலைவர் கவுன்சிலர் ராட்ரிக் பெவரல். டிராக்டர் விற்கிறவர். சைக்கிள் ஏறி முப்பது வருடம் ஆகிறது. செயலாளர் மிஸ் ஹார்கிரேவ். அளவு நாடா இல்லாமல் அந்த அம்மாளை நான் பார்த்ததில்லை. குழுவின் அறையில் ஒரு பெரிய வரைபடம் தொங்கும். சைக்கிள் விபத்துகள் வருடா வருடம் குறைந்துகொண்டே போவதைச் சிவப்புக் கோடு காட்டும். ஹெல்மெட் சட்டம் வருவதற்கு முன்னால் இறைச்சி ஆலைக்குக் காலை முறையில் முந்நூறு பேர் சைக்கிளில் போவார்கள். இப்போது நாற்பது பேர். மற்றவர்கள் கார் வாங்கிக்கொண்டார்கள். மிதிக்கிறவன் குறைந்தால் விழுகிறவனும் குறைவான்தானே என்று ஒரு பொதுக்கூட்டத்தில் யாரோ கேட்டார்கள். மிதிக்கிறவர்களை எண்ணுவது தங்கள் குழுவின் வேலை இல்லை என்று பெவரல் பதில் சொன்னார். கைதட்டினார்கள்.

அதே கூட்டத்தில் இரண்டு தர்ப்பூசணிகளை நகராட்சி மாடியிலிருந்து போட்டுக் காட்டினார்கள். ஒன்றுக்கு ஹெல்மெட் உண்டு, ஒன்றுக்கு இல்லை. இரண்டும் பிளந்தன. ஹெல்மெட் போட்ட பழத்தை மிஸ் ஹார்கிரேவ் குனிந்து பார்த்து, அதற்குத் தாடை இல்லாததால் பட்டை சரியாக மாட்டப்படவில்லை, ஆகவே தவறு பழத்தினுடையது என்று குறித்துக்கொண்டார். பிறகு எல்லாரும் பழத்தைத் தின்றோம்.

இனி வாட்டில் தெரு. ஆலைக்குப் போகும் வழி அது. சரிவான தெரு, அடிவாரத்தில், ஓரமாக மழைநீர் இறங்கும் குழி. குழிமேல் சதுரமான இரும்புக் கம்பிமூடி. மார்ச் மாதம் அங்கே புதுத் தார் போட்டபோது மூடியைத் தூக்கி வெளியே வைத்தோம். திரும்பப் போடும்போது, ரோட்டுக்குக் குறுக்கே இருக்க வேண்டிய கம்பிகளை நெடுக்காக வைத்துவிட்டோம். மழை வந்துகொண்டிருந்தது. டீ நேரமும் ஆகியிருந்தது. சதுர மூடி எப்படி வைத்தாலும் உட்காரும். 'வைத்துவிட்டோம்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறேன். ஒரு முனையைப் பிடித்திருந்தது நான்.

இரண்டு கம்பிக்கு நடுவில் ஒரு சைக்கிள் சக்கரம் அளவாக இறங்கும். மறுநாளே பார்த்துவிட்டு மேஸ்திரியிடம் சொன்னேன். நாலு ஆள், ஒரு கடப்பாரை, பத்து நிமிட வேலை. ஆனால் உத்தரவு இல்லாமல் மண்வெட்டியைத் தொடக் கூடாது எங்கள் நகராட்சியில். முன்பு எங்களில் லெஸ் என்பவன் தன் வீட்டு முன்னால் இருந்த குழியைத் தானாக மூடிவிட்டான். குழியை மறுபடி தோண்டச் சொல்லி, உத்தரவு வரும்வரை காத்திருந்து, அப்புறம்தான் அதை மூடினார்கள். இடைப்பட்ட ஒன்பது நாளும் லெஸ் சம்பளம் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தான். ஆகவே மேஸ்திரி காகிதம் எழுதினார். அதில் 'சைக்கிள்' என்ற சொல் இருந்ததால் அது பாதுகாப்புக் குழுவுக்குப் போயிற்று. இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. நாற்பது சுவரொட்டிகள். 'தலையைக் காப்பாற்று, தலைமுறையைக் காப்பாற்று.' அதில் ஒன்றை மூடிக்குப் பக்கத்துக் கம்பத்தில் ஒட்டினோம்.

செப்டம்பர் முதல் வாரம் கிளாரி டன்ஃபி அதில் விழுந்தான்.

கிளாரி ஆலையில் எலும்பு நீக்கும் மேசையில் முப்பத்தொரு வருடம் நின்றவன். கத்தி பிடித்துப் பிடித்து விரல்கள் மடங்கியே இருக்கும். அதிகம் பேசமாட்டான். செப்டம்பரில் வாட்டில் தெரு யூகலிப்டஸ் மரத்தில் மேக்பைப் பறவை முட்டை வைத்திருக்கும். காக்கை அளவு, கறுப்பு வெள்ளை. குஞ்சு பொரிக்கும்வரை அந்தத் தெருவில் போகிறவன் ஒவ்வொருவனும் அதற்கு எதிரி. பின்னால் வந்து காதில் கொத்தும். அதற்காக ஊரில் எல்லாரும் ஹெல்மெட்டில் கேபிள் டைகளைச் செருகிக்கொள்வோம். கம்பி கட்டும் பிளாஸ்டிக் பட்டைகள்தான். நுனியை வெட்டாமல் விட்டால் முள்ளம்பன்றி மாதிரி நிற்கும். பறவை கொஞ்சம் யோசிக்கும். கிளாரியின் ஹெல்மெட்டில் இருபத்து மூன்று இருந்தன.

காலை ஐந்தேமுக்காலுக்கு மேக்பை வந்தது. கிளாரி தலையைத் தாழ்த்தினான். முன்சக்கரம் கம்பிக்குள் இறங்கியது. சைக்கிள் நின்றது, கிளாரி நிற்கவில்லை.

வலது தோள்பட்டை எலும்பும் மணிக்கட்டும் போயின. ஹெல்மெட் நடுவில் பிளந்திருந்தது. ஆஸ்பத்திரி டாக்டரம்மா அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது தலையில் இல்லையென்றால் இந்நேரம் அடக்கத்துக்காகப் பாதிரியாரிடம்தான் பேசிக்கொண்டிருப்பேன் என்றார். கிளாரியின் மனைவி நெரிடா அந்த உடைந்த ஹெல்மெட்டை ஒரு துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

ஆலையில் ஒரு விதி உண்டு. வேலைக்கு வரும் வழியில் தன் தவறில்லாமல் அடிபட்டவனுக்கு மேசையில் அவன் இடம் காத்திருக்கும். தன் தவறால் அடிபட்டவனுக்குக் காத்திருக்காது. யார் தவறு என்பதற்கு நகராட்சியின் முடிவுதான் சாட்சி. அக்டோபர் கடைசிக்குள் காகிதம் வேண்டும் என்றார்கள். ஐம்பத்தாறு வயதில் அந்த மேசையை விட்டால் கிளாரிக்கு வேறு மேசை இல்லை. அவனுக்குத் தெரிந்தது எலும்பிலிருந்து சதையைப் பிரிப்பது ஒன்றுதான்.

மூடியை வைத்தவன் என்ற முறையில் நானும் விசாரணைக்குப் போனேன். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. மஞ்சள் படிவத்தில் மூடி வைத்தவனுக்குக் கேள்வி இல்லை.

மிஸ் ஹார்கிரேவ் ஹெல்மெட்டை மேசையில் வைத்து, கேபிள் டைகளை ஒவ்வொன்றாக நாடாவால் அளந்தார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. பிறகு, மாற்றம் செய்யப்பட்ட தலைக்கவசம் தலைக்கவசம் ஆகாது என்று விதியைப் படித்தார்.

கிளாரி புரியாமல் நெரிடாவைப் பார்த்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"அப்ப என் தலையில இருந்தது என்னங்க?"

மிஸ் ஹார்கிரேவ் படிவத்தைப் பார்த்தார். "அதுக்கு இதுல இடம் இல்ல, மிஸ்டர் டன்ஃபி."

"டாக்டரம்மா அதுதான் என் உயிரைக் காப்பாத்துச்சுன்னாங்க."

"காப்பாத்தியிருக்கலாம். தலைக்கவசமா இருந்து காப்பாத்தல."

முடிவை எழுதிவிட்டார்கள். தலைக்கவசம்: இல்லை. விபத்துக்குக் காரணம்: தலைக்கவசம் இல்லாமை. கம்பிமூடி: தொடர்பற்றது.

நெரிடா எழுந்தாள். ஆட்டு மயிர் கத்தரிக்கும் கொட்டகைகளில் பதினெட்டு வருடம் நாற்பது ஆளுக்குச் சமைத்துப் போட்டவள். குரலை உயர்த்தமாட்டாள், உயர்த்த அவசியம் இருந்ததில்லை. பெவரலும் அவளும் ஒரே பள்ளியில் படித்தவர்கள்.

"ராட், அந்த மூடியோட கம்பி தப்பாக் கிடக்கு. நீ போய்ப் பாத்தியா?"

பெவரல் இரண்டு கையையும் கோத்து வைத்துக்கொண்டார். வருத்தமாக இருந்தார். அவர் வருத்தப்படும்போது நிதானமாகப் பேசுவார்.

"பாரு நெரி. மூடி அசையாம அங்கேயே இருந்துச்சு. போய் விழுந்தது இவருதான். ஆறு மாசத்துல அந்த மூடி எங்கயாவது நகர்ந்துச்சா? ஒருத்தரையாவது துரத்துச்சா?"

"திருப்பி வைக்க பத்து நிமிஷம் ஆகும்கிறாங்க."

"நேரம் பிரச்சினை இல்ல. இப்ப திருப்பி வச்சா, முன்னாடி தப்பா இருந்துச்சுன்னு ஆயிடும். அப்புறம் ஊருக்கு எங்க மேல நம்பிக்கை எப்படி வரும்?"

இதைச் சொல்லிவிட்டுச் சுற்றிலும் பார்த்தார். தான் சொன்னதில் யாராவது குறை கண்டுபிடிப்பார்கள் என்ற எண்ணமே அந்த முகத்தில் இல்லை. அதைத்தான் என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

வெளியே வந்ததும் கிளாரி படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, கேபிள் டை செருகாமல் போயிருந்தால் சரியாக இருந்திருக்குமோ என்று என்னிடம் கேட்டான். முப்பத்தொரு வருடம் கத்தி பிடித்தவன், தவறு தன்னுடையதுதானோ என்று யோசிக்க ஆரம்பித்திருந்தான். நெரிடா அவனைப் பார்த்தாள். பிறகு நகராட்சிக் கட்டிடத்தைப் பார்த்தாள். ஒரு ஆட்டை எந்த இடத்தில் பிடித்தால் திமிறாது என்று பார்க்கிற பார்வை அது.

அடுத்த வாரம் அவள் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினாள். அவ்வளவு பணிவான கடிதத்தை நான் படித்ததில்லை. என் கணவர் தலைக்கவசம் இல்லாமல் விழுந்த தெருவை ஊர் மறக்கக் கூடாது. செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை நடக்கும் பாதுகாப்பு நாள் ஊர்வலம் இந்த வருடம் வாட்டில் தெரு வழியாகப் போக வேண்டும். தலைக்கவசம் போட்ட தலைவர்கள் அங்கே எவ்வளவு பத்திரமாகப் போகிறார்கள் என்பதை எல்லாரும் பார்க்க வேண்டும். பெவரல் அதைக் கூட்டத்தில் இரண்டு முறை படித்தார். கண் கலங்கிற்று என்று சொன்னார்கள். தவறு செய்தவர்களின் குடும்பமே இப்படித் திருந்தி வருவதுதான் குழுவின் வெற்றி என்று பத்திரிகைக்கும் சொன்னார்.

எங்களுக்கு உத்தரவு வந்தது. ஆறு மாதம் வராதது மூன்றே நாளில் வந்தது. வாட்டில் தெருவைக் கூட்டிப் பெருக்க வேண்டும். ஊர்வலம் போவதற்கு ஓரமாக வெள்ளைக் கோடு போட வேண்டும். கூடவே வரைபடம். நடைபாதை விளிம்பிலிருந்து சரியாக அரை மீட்டர். சைக்கிள்கள் கோட்டின் மேலேயே போக வேண்டும் என்று அடியில் எழுதி, மிஸ் ஹார்கிரேவ் கையெழுத்துப் போட்டிருந்தார்.

விளிம்பிலிருந்து அரை மீட்டரில்தான் கம்பிமூடி இருக்கிறது.

நாங்கள் உத்தரவை மீறாதவர்கள். கயிறு கட்டி, அங்குலம் பிசகாமல் கோடு போட்டோம். மூடி வந்த இடத்தில் அதன் மேலேயும் போட்டோம். இரண்டு கம்பிக்கு நடுவில் வெள்ளைச் சாயம் குழிக்குள் சொட்டிற்று. மேஸ்திரி நின்று பார்த்துவிட்டு, வரைபடத்தையும் பார்த்துவிட்டு, சரியாக இருக்கிறது என்று கையெழுத்து வைத்தார்.

மாலையில் நான் நெரிடா வீட்டுக்குப் போனேன். மனசுக்குள் ஏதோ உறுத்தியது. பெவரலுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது, ஒரு எச்சரிக்கைப் பலகையாவது வைத்துவிடலாமா என்று கேட்டேன். அவள் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு? ஹெல்மெட் போட்டிருப்பாருல்ல."

சனிக்கிழமை வெயில் நன்றாக இருந்தது. நகராட்சி முன்னால் நெரிடா சாசேஜ் வாட்டிக்கொண்டிருந்தாள். ரொட்டித் துண்டில் வைத்து, வெங்காயம் போட்டு, வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தாள். கிளாரி பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து இடது கையால் சாஸ் ஊற்றினான். குழுவினர் பதினொரு பேர் புது மஞ்சள் சட்டையில் வந்தார்கள். பெவரலுக்குக் கடையில் இருந்து அன்று காலைதான் இறக்கிய சைக்கிள். டயர் மெலிசாக இருந்தது. எனக்கு அந்த டயரை மிகவும் பிடித்துப்போனது.

பெவரல் பேசினார். ரோடு எப்படி இருந்தாலும், லாரி எப்படி வந்தாலும், வானமே இடிந்து விழுந்தாலும், பட்டையை ஒழுங்காக மாட்டியவனுக்குப் பயம் இல்லை என்றார். விபத்து என்று ஒன்று கிடையவே கிடையாது, ஹெல்மெட் போடாதது மட்டும்தான் உண்டு என்றார். பேச்சு முடிந்து சாசேஜ் வாங்க வந்தவரிடம் நெரிடா, வாட்டில் தெரு மேக்பை இந்த வருடம் ரொம்ப மோசம் என்று சொன்னாள். வியாழக்கிழமை தபால்காரனின் காதில் மூன்று தையல். அவ்வளவும் உண்மை.

பெவரல் ரொட்டியை மெல்லுவதை நிறுத்தினார். படம் எடுக்கப் பத்திரிகைக்காரன் வந்திருந்தான். காதில் ரத்தம் வழிய நிற்கிற படத்தை அவர் மனக்கண்ணில் பார்த்திருக்க வேண்டும்.

நெரிடா மேசைக்கு அடியிலிருந்து ஒரு பொட்டலம் கேபிள் டை எடுத்து வைத்தாள். சாசேஜைத் திருப்பிப் போட்டாள்.

"இன்னைக்கு ஊர்வலம் மட்டும்தானே," என்றார் பெவரல் தாழ்ந்த குரலில். "விதியெல்லாம் ரோட்டுல போறவங்களுக்குத்தான். நாங்க விதியைக் கொண்டாடறவங்க."

"அதானே ராட்," என்றாள் நெரிடா. தலையைக் குனியச் சொல்லி, அவளே ஒவ்வொன்றாகச் செருகிவிட்டாள். செருகும்போது உதடு அசைந்தது. எண்ணுகிறாள் என்று எனக்கு மட்டும் தெரிந்தது.

ஊர்வலம் கிளம்பிற்று. பெவரல் முன்னால், கோட்டின் மேலேயே. மற்றவர்கள் பின்னால், ஒவ்வொருவரும் முன்னால் போகிறவரின் முதுகைப் பார்த்தபடி. நாங்கள் மூடிக்கு இருபது அடி தள்ளி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றோம். பறவை மரத்திலிருந்து இறங்கிற்று. அதற்கு உத்தரவு தேவையில்லை. கேபிள் டையைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்தது, யோசித்துவிட்டுக் கழுத்தில் கொத்திற்று. பெவரல் தலையைத் தாழ்த்தினார். வெள்ளைக் கோடு அவரை நேராகக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

சைக்கிள் நின்றது. பெவரல் நிற்கவில்லை. பின்னால் வந்தவர்களில் நான்கு பேர் அவர் மேலேயே இறங்கினார்கள். அவர்களுக்குக் காயம் இல்லை, மெத்தென்று இருந்திருக்கும்.

நான்தான் முதலில் ஓடினேன். இடது தோள்பட்டை எலும்பு, முன்பல் இரண்டு. ஹெல்மெட் நடுவில் பிளந்திருந்தது. தலையில் ஒரு கீறல் இல்லை. நல்ல ஹெல்மெட்.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் மிஸ் ஹார்கிரேவ் மஞ்சள் படிவத்தோடு வந்துவிட்டார். அந்த அம்மாளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்: ஆள் பார்த்து அளக்கிறவர் இல்லை. நாடாவை எடுத்து முதல் கேபிள் டையில் வைத்தபோது தலைவரின் முகத்தை ஒருமுறை பார்த்தார். ஆனாலும் அளந்தார். சாட்சி யார் என்று கேட்டார். நெரிடா இடுக்கியும் கையுமாக வந்து நின்றாள்.

"எத்தனை இருக்கு?"

"இருபத்து மூணு," என்றாள் நெரிடா. "எண்ணித்தான் வச்சேன்."

தலைக்கவசம்: இல்லை. விபத்துக்குக் காரணம்: தலைக்கவசம் இல்லாமை. அபராதச் சீட்டைக் கிழித்து, தாரில் படுத்திருந்த பெவரலின் சட்டைப் பையில் மிஸ் ஹார்கிரேவ் வைத்தார். பத்திரிகைக்காரன் அதைத்தான் படம் எடுத்தான்.

அந்தப் படம் திங்கட்கிழமை முதல் பக்கத்தில் வந்தது. ஹெல்மெட் இல்லாமல் போன பாதுகாப்புக் குழுத் தலைவர். பெவரல் ஆஸ்பத்திரியிலிருந்தே மேல்முறையீடு எழுதினார். குழுவின் விதியில் மேல்முறையீட்டுக்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது: தவறு ரோட்டினுடையது என்று காட்ட வேண்டும். அவர் நான்கு பக்கம் எழுதினார். கம்பிகள் போக்குவரத்தின் திசையில் கிடக்கின்றன. இது யமன் விரித்த வலை. எவ்வளவு கவனமானவனும் விழுவான். தலையில் இருந்ததற்கும் விழுந்ததற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. வைத்தவன் ஒரு முட்டாள். கடைசி வரி எனக்கு வலித்தது. இருந்தாலும் ஒப்புக்கொண்டேன்.

குழு அதை ஏற்றுக்கொண்டது. மை காய்வதற்குள் நெரிடா அந்த நான்கு பக்கத்தையும் நகல் எடுத்து, தலைவரின் பெயர் இருந்த இடத்தில் கிளாரியின் பெயரை எழுதி, கிளாரியின் மேல்முறையீடாகக் கொடுத்தாள். அதே குழி, அதே பறவை, அதே இருபத்து மூன்று. ஒரு காற்புள்ளியைக்கூட அவள் மாற்றவில்லை. மிஸ் ஹார்கிரேவ் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நாடாவால் அளந்து பார்த்தார். வேறுபாடு இல்லை. அக்டோபர் இருபத்தெட்டாம் தேதி காகிதம் ஆலைக்குப் போயிற்று. கிளாரியின் இடம் காத்திருக்கிறது. கை தேறியதும் போவான்.

மூடியைத் திருப்ப உத்தரவு மறுநாள் வந்தது. நாலு ஆள், ஒரு கடப்பாரை. அதே முனையை நான் பிடித்தேன். கிளாரி நடைபாதையில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தான். ஒன்பது நிமிடம். ஒரு நிமிடம் மிச்சம்.

பெவரல் வந்திருந்தார். இடது கை கழுத்தில் கட்டிய துணித் தொட்டிலில் தொங்கியது. குறுக்காகக் கிடந்த கம்பிகளின் மேல் காலை வைத்து அழுத்திப் பார்த்தார். அப்புறம் நெரிடா பக்கம் திரும்பி, மேல்முறையீடு ஏற்றுக்கொண்டாலும் அபராதச் சீட்டுப் படம் போகவில்லை, மதுக்கடைச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள், அவள் ஒரு வார்த்தை சொன்னால் எடுத்துவிடுவார்கள் என்றார். பல் இல்லாததால் பாதி சொற்கள் காற்றாகப் போயின.

நெரிடா கம்பிகளைப் பார்த்தாள். கிளாரியின் கையைப் பார்த்தாள்.

"அதை எப்படி ராட் எடுக்கிறது?" என்றாள். "இப்ப எடுத்தா, முன்னாடி மாட்டினது தப்புன்னு ஆயிடுமே."